ரீச்சர் வீட்டு லைனில் டாம் ஆட்டம்

மகன் கனடாவுக்குப் போன புதிதில் சந்தியிலிருந்த கொமினிகேசன் கடைக்குத்தான் ரெலிபோன் எடுப்பான். கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடுவேன். ரெலிபோன் வைத்த பலகைக் கூண்டுக்குக் கதவு இருந்தது, ஆனால் சாத்தாது. வெளியே வாங்குப் பலகையில் குந்திக் காத்திருப்பவர்களுக்கு உள்ளே கதைப்பது முழுக்கக் கேட்கும். லைனில் இரைச்சல் என்பதால் கத்தினால்தான் அவனுக்குக் கேட்கும். கத்த எனக்கு வராது. குசினிக்குள் வந்த கோழியைக்கூடக் கையை ஆட்டித்தான் விரட்டுவேன்.

"சாப்பிட்டியா?" என்பேன்.

"ஓம்."

"குளிரா?"

"ஓம் அம்மா, குளிர்தான்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா நிற்போம். வாங்கில் இருக்கிறவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவன் கேட்டான்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்கிறீங்கள் இல்லை. என்னோட கோவமோ? என்னை அனுப்பினது நீங்கள்தானே."

"இல்லையடா" என்றேன்.

"என்ன? கேக்கேல்லை."

இன்னொரு தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி, வைக்கிறன்" என்று அவன் வைத்துவிட்டான். மாதத்துக்கு ஒருமுறை எடுத்தவன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் எடுத்தான். அடுத்த தீபாவளிக்குக் கடைக்காரர் ஆள் விடவில்லை. நானே போய்க் கேட்டேன். "வரேல்லை அக்கா" என்றார்.

அவனுடைய தகப்பன் செத்து அப்போது பல வருடங்கள். ஆமியின் சுற்றிவளைப்பும் பிடிப்பும் நடந்த நேரத்தில், இருந்த நகையை விற்று அவனை அனுப்பியதும் நான்தான். உயிரோடு இருக்கட்டும் என்று அனுப்பிய பிள்ளை என்னைவிட்டுக் கழன்று போய்க்கொண்டிருந்தான். அதற்கு விடுவதில்லை என்று நினைத்தேன். என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு நான்தான் இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். அடுத்த வீடு ரீச்சர் வீடு. ரீச்சருடைய கணவர் துறைமுகத்துக்குள் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்தார். மகள் ரவுணில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினாள். அவர்கள் வீட்டில் ரெலிபோன் இருந்தது, கொம்பியூட்டர் இருந்தது. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ரெலிபோன் லைனாலேயே இன்டர்நெற்றும் வரும் என்று அந்தப் பிள்ளைதான் எனக்குச் சொன்னாள்.

ஒரு காலை இடியப்பப் பெட்டியைக் கொடுக்கப் போனபோது அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அன்ரி, உங்கட மகனை நான் கண்டனான்."

நான் பெட்டியை நிலத்தில் வைத்தேன். "எங்க?"

"கொம்பியூட்டரில. ஆள் வேலையால வந்து டாம் விளையாடுறார், தெரியாத சனத்தோட. நான் ஆரெண்டு சொன்னதும் முதல் உங்களைத்தான் விசாரிச்சவர். அவசரத்துக்கு எங்கட ரெலிபோன் நம்பரையும் குடுத்தனான்."

"டாமோ?"

"ஓம். கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம். காயை வைச்சு வெட்டுற டாம்."

அந்த ஆட்டத்தை அவனுக்குப் பழக்கியதே ஊரடங்குதான். வெளியே போக முடியாத நாட்களில் சீமெந்து நிலத்தில் கரியால் கட்டம் போட்டு, அவனுக்குச் சோடா மூடியும் எனக்குப் புளியங்கொட்டையுமாக விளையாடியிருக்கிறோம். ஒரு கதையும் இல்லாமல் மணித்தியாலக் கணக்கில் இருப்போம். வெட்டுப்பட்டால் அவன் மூக்கைச் சுருக்குவான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நாங்கள் இருவரும் எப்போதுமே அப்படித்தான் என்பது அந்த வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ரெலிபோன்தான் எங்களுக்குப் பொருந்தாத சாமான்.

"பிள்ளை, நான் அவனோட விளையாடலாமோ?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று ரீச்சர் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா.

அவனுக்கு இரவு, எங்களுக்குக் காலை. அந்த நேரத்தில் ரீச்சர் வீட்டில் எல்லோரும் வேலைக்கு வெளிக்கிடுவார்கள். ரீச்சருடைய கணவர் சாரத்தோடு நடந்து திரியும் மண்டபத்தில் நான் போய்க் கதிரையில் உட்கார முடியாது. எனக்கும் கூச்சம், அவருக்கும் கரைச்சல். அதைப் பிள்ளையிடம் சொன்னேன். வகுப்பில் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்று கிடக்கிறது, அதை என் வீட்டில் வைக்கலாம் என்றாள்.

"என்னட்ட ரெலிபோன் இல்லையே."

"எங்கட லைனில நீங்கள் வரலாம் அன்ரி. ஒரு வயரும் ஒரு புரொக்ஸியும் போதும்."

அது என்னவென்று கேட்டேன். "எங்கட கொம்பியூட்டர்தான் வெளியில போய் வரும். உங்கட கொம்பியூட்டர் இதுக்கு வேணும், அதுக்கு வேணும் எண்டு எங்கட கொம்பியூட்டரிட்டச் சொல்லும். அது தன்ர பேரில கேட்டு வாங்கிக்கொண்டு வந்து உங்களிட்டத் தரும்" என்றாள்.

எனக்கு உடனே விளங்கியது. ஊரடங்கு நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு மருத்துவிச்சிக்கு மட்டும்தான் பாஸ் இருந்தது. வெளியே போகக்கூடிய ஆள் அவ ஒருத்திதான். எங்கள் எல்லோருடைய அரிசியும் மண்ணெண்ணெயும் பால்மாவும் அவவுடைய பெயரில்தான் காவல் சென்ரியைக் கடந்து வந்தன.

"மருத்துவிச்சி அக்கா மாதிரி" என்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்து, "அதேதான்" என்றாள். "இனி வகுப்பில நானும் இப்பிடித்தான் சொல்லப்போறன்."

ரீச்சருடைய கணவருக்கு விருப்பமில்லை. "பிறகு ஆர் லைனில என்ன செய்தது எண்டு என்னைத்தான் கேப்பாங்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. துறைமுகத்துக்குள் போகிறவருக்குப் பாஸ்தான் சோறு. ரீச்சர்தான் வாதாடினா. "டாம் விளையாடத்தானே அப்பா. அந்த மனிசி உங்களிட்ட இண்டைவரைக்கும் ஒரு சொல் கதைச்சிருக்குதோ? ஒண்டு கேட்டிருக்குதெண்டால் செய்து குடுங்கோவன்." அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஓம் என்று அர்த்தம்.

வயரை வேலியோடு கட்டிக் கொண்டுவந்து என் யன்னலால் உள்ளே விட்டோம். என் கொம்பியூட்டரில் ஒரு பெட்டிக்குள் ரீச்சர் வீட்டுக் கொம்பியூட்டரின் இலக்கத்தை அடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்ததில் இலக்கமும் இங்கிலிஷ் எழுத்தும் எனக்கு மறக்கவில்லை. பிள்ளை சொல்லச் சொல்ல நானே அடித்தேன். படங்கள் வந்தன. டாம் பலகையும் வந்தது. ஆனால் விளையாடத் தொடங்கினால் இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

ஞாயிறு முழுவதும் பிள்ளை வேலிக்கு அங்கும் இங்குமாக ஓடினாள். பிறகுதான் பிழை பிடிபட்டது. அந்தப் புரொக்ஸி படம் பார்க்கிறதுக்கு ஒரு வாசல் வைத்திருந்தது. விளையாட்டுக்கு வேறு வாசல், அது பூட்டிக் கிடந்தது.

"அதுக்குப் பேர் சொக்ஸ் அன்ரி."

"சப்பாத்துக்குள்ள போடுறதோ?"

"அது இல்லை" என்று சிரித்துச் சிரித்து அந்த வாசலைத் திறந்துவிட்டாள். விளையாடுகிறவருக்கு ஒரு பெயர் வேண்டும் என்றது கொம்பியூட்டர். என் பெயரைப் போட நான் சம்மதிக்கவில்லை. அவள் 'இடியப்பம்' என்று அடித்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிள்ளை வேலைக்குப் போகுமுன் லைனை எடுத்து, புரொக்ஸியைத் திறந்துவிட்டுப் போயிருந்தாள். மகன் அங்கே இருந்தான். பலகைக்குக் கீழே எழுத ஒரு இடம் உண்டு. தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதினான். எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"ஆர் இந்த இடியப்பம்?"

நான் எழுதவில்லை. என் வலப்பக்கத்துக் காயை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினேன். நான் எப்போதும் அந்தக் காயில்தான் தொடங்குவேன்.

கீழே ஒரு சொல் வந்தது. "அம்மா."

அதற்குப் பிறகு கிழமையில் நாலைந்து காலை விளையாடினோம். எழுதுவது குறைவு. அவன் தோற்றால் "சீ" என்று எழுதுவான். சில நாள் "இண்டைக்குப் பனி" என்று எழுதுவான். நான் "ம்" என்ற ஒரு எழுத்தை அடிக்கத் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த காயை வைத்துவிடுவான். கரண்ட் போய் வந்தால் ரீச்சர் வீட்டுப் புரொக்ஸி தானாகத் திறக்காது. அப்போது ரீச்சரிடம் வீட்டுக் கதவின் திறப்பை வாங்கி, மண்டபத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் நானே திறந்துவிட்டு வரப் பழகினேன்.

பிறகு காலம் மாறியது. ரவுணில் திரும்பவும் குண்டு வெடித்தது. கடைகள் மத்தியானத்தோடு பூட்டின. காலையில் நேவிக்காரர் கண்ணிவெடி தேடி நீட்டுக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி ஒழுங்கைகளில் நடந்தார்கள். அந்தக் கிழமைகளில் அவன் நேரத்தோடு வந்து எனக்காகக் காத்திருக்கத் தொடங்கினான். நான் வந்து உட்கார்ந்து முதல் காயை நகர்த்தினால்தான் அங்கே படுக்கப் போவான் போல இருந்தது.

அப்போது பார்த்து அணில் வயரைக் கடித்தது. பிள்ளை வெட்டி ஒட்டித் தந்தாள். திரும்பவும் கடித்தது. இனி இப்படி விடக்கூடாது என்று நான் ஒரு பின்னேரம் மண்வெட்டியை எடுத்து, வேலியோரம் நீளத்துக்குக் கிண்டி, பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை விட்டுத் தாட்டு, மண்ணை மூடி மிதித்து, தண்ணீரும் தெளித்தேன். அணில் இனிக் கடிக்காது என்ற ஒரே நினைப்பு. பிள்ளையிடம் காட்டி மெச்சு வாங்கலாம் என்றும் இருந்தது. அன்று அவள் வரப் பிந்திவிட்டது.

மறுநாள் காலை ஆட்டம் பாதியில் இருந்தது. நாய்கள் குரைத்தன. யன்னலால் பார்த்தேன். ஒரு நேவிக்காரர் வேலியோரம் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது புதிதாகக் கிளறிய மண்ணை.

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இரவோடு இரவாகப் புதுமண் மூடிய இடத்தில் கால் வைக்கக் கூடாதென்று. நான் அதற்குள் வயரும் வைத்திருக்கிறேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்த ரீச்சருடைய கணவரைத் திரும்ப உள்ளே போகச் சொன்னார்கள். ரீச்சரும் பிள்ளையும் முன்னமே போய்விட்டார்கள். ஒருவர் படுத்துக்கொண்டு கையால் மண்ணை விலக்கினார். குழாய் தெரிந்தது. குழாய்க்குள் வயர் தெரிந்தது. ஒரு தலைப்பு ரீச்சர் வீட்டுக்குப் போனது, மற்றது என் யன்னலுக்கு. துவக்குகள் இரண்டு பக்கமும் திரும்பின.

அவர்களில் வயதானவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. "இது என்ன? யாரு போட்டது?" என்று ரீச்சருடைய கணவரைப் பார்த்துக் கேட்டார். அவர் சட்டைப் பையில் இருந்த பாஸை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்த ரெலிபோன் கூண்டுக்குள் நின்றது போல வாயை மூடிக்கொண்டு நின்றால் வயரும் போகும், அந்த மனிசனும் போவார் என்று தெரிந்தது. படலையைத் திறந்து வெளியே வந்தேன்.

"நான்" என்றேன். சத்தம் வரவில்லை. திரும்பவும் சொன்னேன், ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி. "நான்தான் போட்டனான். டாம் விளையாட. உள்ளுக்கு வந்து பாருங்கோ."

"என்ன விளையாட?"

"டாம். புதாவோட. கனடாவில இருக்கிறான்." புதா என்றால் அவர்களுடைய பாசையில் மகன். அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும்.

வயதானவர் இன்னொருவரோடு உள்ளே வந்தார். அலுமாரிக்கு அடியில் பார்த்தார்கள், இடியப்ப உரலைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு திரையின் முன் நின்றார்கள். வயதானவர் பலகையைப் பார்த்தார், பெயரை வாசித்தார். "இந்தியாப்ப?" என்று இடியப்பத்தைத் தங்கள் பாசையில் சொல்லி மற்றவரைப் பார்த்துக் கேட்டார். மற்றவர் சிரிப்பை அடக்கினார்.

"ஆடு" என்றார் என்னிடம்.

உட்கார்ந்தேன். நான் நகர்த்த நினைத்த காய் ஒன்று. ஆனால் அவர் குனிந்து, துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, விரலால் வேறொரு காயைத் தட்டிக் காட்டினார். "இது. இங்க போடு."

படு மோசமான ஆட்டம். அதை வைத்தால் இரண்டு காய் போகும். பத்து வயதில் என் மகன்கூட வைக்கமாட்டான். வேண்டாம் என்று அவரிடம் சொல்ல முடியுமா? வைத்தேன்.

அவன் வெட்டவில்லை. நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே எழுத்துகள் வந்தன.

"அம்மா, இது நீங்கள் இல்லை."

பிறகு, "பக்கத்தில ஆர் நிக்கினம்?"

பிறகு, "அம்மா. அம்மா."

"என்ன சொல்லுது மகன்?" என்றார் வயதானவர்.

நான் யோசித்தேன். "நீங்கள் சொன்ன காய் பிழையாம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். "சரிதான்" என்றார். பிறகு முகம் பழையபடி இறுகியது. மண்ணுக்குள் வயர் இருக்கக் கூடாது, மேலால் எல்லோருக்கும் தெரியக் கட்டு, இல்லையென்றால் வெட்டுவோம் என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைப் பதிந்துகொண்டு போனார்கள்.

அவர்கள் ஒழுங்கை திரும்பியதும் ரீச்சருடைய கணவர் உள்ளே போய் மொடத்தின் வயரைப் பிடுங்கினார். என் திரை நின்றுவிட்டது. கத்தியோடு வேலிக்கு வந்தார்.

"காணும் அக்கா. இனி ஏலாது. வெட்டப்போறன்."

"வெட்ட வேண்டாம் தம்பி."

"அவங்கள் நாளைக்கும் வருவாங்கள்."

"வரட்டும். நான் மேலால கட்டுறன். ஆர் கேட்டாலும் என்ர வயர் எண்டு சொல்லுங்கோ, நானே வந்து மறுமொழி சொல்லுறன். இண்டைக்குச் சொன்னனான்தானே. அவன் அங்க பதறிக்கொண்டு நிக்கிறான். இதை வெட்டினால் எனக்கு அவன் இல்லை."

இத்தனை வருட அயலில் நான் அவரிடம் நேரே கதைத்தது அதுதான் முதல். அவர் கத்தியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அப்போது அவர்கள் மண்டபத்தில் ரெலிபோன் அடித்தது.

அவர்தான் எடுத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "ஓம் தம்பி... ஓம், சுகமாத்தான் இருக்கிறா. ஒண்டும் நடக்கேல்லை... லைன் எங்கேஜா இருந்தது கொம்பியூட்டராலதான்... பொறுங்கோ." பிறகு வாசலுக்கு வந்து, "அக்கா, ஓடி வாங்கோ" என்றார்.

மண்டபத்தில் அவர் தள்ளி நின்றார், ஆனால் போகவில்லை. வாசலில் அயல் சனம் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"அம்மா, ஆர் அந்தக் காயை வைச்சது?"

"நேவிக்காரன்."

"என்ன? கேக்கேல்லை."

"நேவிக்காரன்" என்று கத்தினேன். "நான் அப்பிடி வைப்பனோடா? வலப்பக்கம் எவ்வளவு இடம் கிடந்தது. அதால வந்திருந்தால் உன்ர ரெண்டு காயை நான் வெட்டியிருப்பன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறான் என்று விளங்கியது. அழ விட்டேன். பிறகு காலையில் நடந்தது முழுவதையும் சொன்னேன், அணிலில் இருந்து. இடையில் அவன் சிரித்தான். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கதைத்தேன்.

"உன்னில எனக்குக் கோவமில்லை" என்று கடைசியாகச் சொன்னேன். "அண்டைக்குக் கேட்டாயே, அதுக்கு."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் ரீச்சருடைய கணவரைக் காணவில்லை. பின்பக்கத்தில் ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. அன்று அவர் கந்தோருக்குப் பிந்தித்தான் போனார். ரீச்சர் வீட்டு முருங்கை மரத்திலிருந்து என் கூரைவரை வயரைக் கட்டினோம். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் அதில் இடைக்கிடை சிவப்புச் சீத்தைத் துணித் துண்டுகளை முடிந்துவிட்டேன்.

அடுத்த நாளும் நேவிக்காரர் வந்தார்கள். வயதானவர் அண்ணாந்து வயரைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். நான் எழும்பவில்லை. முதல் நாள் லைன் அறுந்து பாதியில் நின்ற ஆட்டம் நான் தோற்றதாக விழுந்திருந்தது. அதைத் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது.